சந்தேகத்துக்குப் பிறந்த பொத்தான்

ஸ்பீக்கர் கரகரத்தால் போனைத் திட்டுவோம். சார்ஜ் ஏறவில்லை என்றால் வயரைத் திட்டுவோம். விரல் ரேகை சென்சார் மக்கர் செய்தால் மட்டும் முதலில் நம் விரலைத்தான் சந்தேகப்படுகிறோம். சட்டையில் துடைக்கிறோம், வாயால் ஊதுகிறோம், கட்டை விரலைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு தடவை மரியாதையாக அழுத்துகிறோம். பொருந்தவில்லை என்கிறது திரை. ஐந்து தடவை தவறினால் விரலை ஒதுக்கிவிட்டு, பின் நம்பரைச் சொல் என்கிறது. விரலை வைத்தே பழகிப்போனவருக்கு அந்த நேரம் பார்த்து நம்பர் நினைவுக்கு வராது.

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவரையே நிறுத்தி, நீ யார் என்று கேட்கிறது. இது நேற்று வந்த குணமல்ல, பிறவிக் குணம்.

1858 ஜூலை, வங்காளத்தின் ஜங்கிபூர். முந்தைய ஆண்டு வெடித்த கிளர்ச்சி இன்னும் முழுதாக அடங்கவில்லை. வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷெல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சாலை போடத் தேவையான பொருளை சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரோடு ஒப்பந்தம் போட்டார். (யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷெல் இவருடைய தாத்தா.) கோனாய் எழுதப் படிக்கத் தெரிந்தவர், கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். ஹெர்ஷெலுக்கு அது போதவில்லை. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் பதித்துக்கொண்டார். பின்னாளில் கோனாய் தன் கையெழுத்தையே மறுத்துவிடக் கூடாது என்பதற்கான மிரட்டல் அது. 1916இல் வெளியிட்ட சிறு நூலில் ஹெர்ஷெலே இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அந்தக் கணத்தில் ரேகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம்கூட அவருக்கு இல்லை. பயமுறுத்துவதுதான் நோக்கம். ஒப்பிடுவது எப்படி என்பதெல்லாம் பிறகு வந்தது.

அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நண்பர்கள், ஊழியர்கள் என்று பலரின் ரேகைகளைச் சேகரித்தார். 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தபோது ஓய்வூதியக்காரர்கள், பத்திரம் பதிய வருபவர்கள், சிறைக் கைதிகள் எல்லோரிடமும் ரேகை வாங்க ஏற்பாடு செய்தார். 1897இல் கல்கத்தாவில் காவல்துறையின் ரேகைப் பிரிவு வந்தது. குவியும் தாள்களில் ஒரு ரேகையைத் தேடி எடுக்க உதவும் கணக்கு முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளின் உழைப்பு பெரியது. பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போய் 'ஹென்றி முறை' ஆயிற்று. 1901இல் அது ஸ்காட்லாந்து யார்டுக்குக் கப்பலேறியது. இப்படி, ரேகை என்பது எப்போதும் இன்னொருவர் நம்மிடம் கேட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளாகவே நூறாண்டுக்கு மேல் இருந்தது.

அது மையிலிருந்து சிலிக்கானுக்கு மாறிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மெல்போர்ன். அங்கே ஹாரிஸ் செமிகண்டக்டரிலிருந்து பிரிந்து வந்தவர்கள் 1998இல் ஆதென்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். போனுக்குள் ரேகை சென்சார் வந்தது ஐபோனில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானில் ஃபுஜிட்சு 2003லேயே வைத்துப் பார்த்துவிட்டது. 2011இல் மோட்டரோலாவின் ஏட்ரிக்ஸ் போனின் முதுகில் ஆதென்டெக்கின் சென்சார் இருந்தது. அதில் விரலை வைத்தால் போதாது, இழுக்க வேண்டும். வேகம் கூடினாலும் கோணம் சாய்ந்தாலும் மறுபடியும் இழுக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் பொறுமைக்கு வைத்த சோதனை அது. 2012இல் ஆப்பிள் சுமார் 35.6 கோடி டாலர் கொடுத்து ஆதென்டெக்கையே வாங்கிப் போட்டது. 2013 செப்டம்பரில் வந்த ஐபோன் 5எஸ்ஸின் ஹோம் பட்டனுக்குள் சென்சார் உட்கார்ந்தது. மேலே கீறல் விழாத நீலக்கல் படிக மூடி, சுற்றிலும் விரல் வந்ததை உணரும் எஃகு வளையம். பெயர் டச் ஐடி.

மூடிக்குக் கீழே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பழுதுகளுக்குக் காரணம் புரிந்துவிடும். சென்சார் என்பது மிகச் சிறிய மின்தேக்கிகளின் வயல். விரலின் மேடு நெருங்கும் இடத்தில் மின்தேக்கம் கூடும். பள்ளத்தில் காற்று இருப்பதால் குறையும். இந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் ரேகையின் படம் எழுகிறது. டச் ஐடியில் 88க்கு 88 புள்ளிகள், ஓர் அங்குலத்துக்கு 500 வீதம். கணக்குப் போட்டால் அது பார்ப்பது பக்கத்துக்கு நாலரை மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம்தான். ரேகைக்கும் ரேகைக்கும் அரை மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் ஒரு தொடுதலில் ஒன்பது, பத்து மேடுகள் மட்டுமே தெரியும். அதனால்தான் பதிவு செய்யும்போது எடு, வை, ஓரத்தை வை என்று அத்தனை தடவை கேட்கிறது. துண்டு துண்டாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் டீக்கடையில் நின்றுகொண்டு அரைகுறையாக விரலை வைத்தவர்தான் பிறகு மாதக்கணக்கில் போனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

விரலோ நாள்தோறும் மாறும் பொருள். கையில் ஈரம் இருந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும், மழை பெய்த வாசலில் கோலம் கலைவது மாதிரி. வறண்டால் மேடுகூட சரியாகத் தொடாது. சிமெண்ட், சுண்ணாம்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு எல்லாமே மேட்டைத் தேய்க்கும். கட்டட வேலை பார்ப்பவர்களும் வயதானவர்களும் ரேஷன் கடைக் கருவியின் முன்னால் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது இதனால்தான். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேபசிட்டபின் என்ற மருந்து சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையையே மறைத்துவிடும். அந்த மருந்தை உட்கொண்டுவந்த 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை கிடைக்கவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் மணிக்கணக்கில் நிறுத்திவைத்ததை 2009இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. சென்சார் சரியாக இருந்து, ஆளும் சரியான ஆளாகவே இருந்தாலும் கதவு திறக்காத சந்தர்ப்பங்கள் உண்டு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆப்பிள் தன் சென்சாரைப் பற்றிச் சொன்ன கணக்கு, ஒரு விரல் பதிவு செய்திருந்தால் வேறொருவர் விரலுக்குத் தவறித் திறக்கும் வாய்ப்பு 50,000இல் 1. ஆண்ட்ராய்டு போன்களில் உயர்ந்த வகை பயோமெட்ரிக் என்று சொல்லிக்கொள்ளவும் இதே கணக்குதான் கட்டாயம். அதே ஆண்ட்ராய்டு விதிப் புத்தகம், உரிமையாளரையே திருப்பி அனுப்பும் வீதம் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது. அது பரிந்துரைதான், கட்டாயமல்ல. அதாவது அயலாரை 50,000 தடவையில் ஒரு தடவைக்கு மேல் விடவே கூடாது, வீட்டுக்காரரைப் பத்தில் ஒரு தடவை வாசலில் நிறுத்தினால் பாதகமில்லை. ஜங்கிபூரில் ஹெர்ஷெல் வைத்த கணக்கும் ஏறத்தாழ இதுதான்.

இவ்வளவு சந்தேகப்பட்டும் ஏமாறாமல் இருந்ததா என்றால் இல்லை. ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அதைத் திறந்து காட்டியது. கண்ணாடியில் படிந்த ரேகையைப் படமெடுத்து, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு, அதன்மேல் ரப்பர் பாலோ மரம் ஒட்டும் வெள்ளைப் பசையோ ஊற்றிக் காயவைத்து உரித்தால் போலி விரல் தயார். பத்து ஆண்டுகளாகத் தெரிந்த பழைய வித்தைதான், கொஞ்சம் துல்லியமாகச் செய்தோம் என்றார்கள்.

இனி பழுதுக்கு வருவோம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் மேஜைக்கு முன்னால் போய், "அண்ணா, ஃபிங்கர் ஒர்க் ஆகல" என்று சொல்லிப் பாருங்கள். போனைக் கையில் வாங்குமுன்பே கேள்வி வரும். "டெம்பர் மாத்துனீங்களா? டிஸ்ப்ளே மாத்தியிருக்கா? தண்ணி பட்டுச்சா?" இந்த மூன்று கேள்விகளில் பெரும்பாலான வழக்குகள் முடிந்துவிடும். அடுத்து செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பார். விரல் ரேகை என்ற வரியே அங்கே காணாமல் போயிருந்தால், போனுக்குத் தன்னிடம் சென்சார் இருப்பதே தெரியவில்லை என்று பொருள். சென்சாரைப் போர்டோடு இணைக்கும் ஸ்ட்ரிப் கழன்றிருக்கும், கிழிந்திருக்கும், அல்லது போர்டில் கோளாறு. வரி இருக்கிறது, பதிவும் ஆகிறது, பிறகு பொருந்த மட்டும் மறுக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் விரலிலோ, கண்ணாடியிலோ, மென்பொருளிலோ இருக்கும். அதற்குப் போனைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய பதிவை அழித்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, அதே கட்டை விரலை இரண்டு தடவை தனித்தனி விரல் மாதிரிப் பதிவு செய்தாலே பலருக்குச் சரியாகிவிடும். சாம்சங் போன்களில் *#0*# என்று டயல் செய்தால் சோதனைப் பக்கம் வரும். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று கடைக்குப் போகாமலே பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரிப்தான் இந்தப் பொருளின் உயிர்நாடி. பிளாஸ்டிக் படலத்தின் மேல் மயிரிழை போன்ற செம்புக் கம்பிகள். முதுகில் சென்சார் வைத்த போன்களில் அது பின்மூடியிலிருந்து போர்டுக்குப் போகும். பேட்டரி மாற்றவென்று மூடியைச் சூடாக்கி அவசரமாக நெம்பினால் ஸ்ட்ரிப் பிய்ந்துவிடும். பேட்டரி மாற்றிய மறுநாள் ஃபிங்கர் போய்விட்டது என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். பல ஆண்ட்ராய்டு போன்களில் புது சென்சார் வாங்கிச் செருகினால் வேலை செய்யும், வேலை முடிந்தது.

ஐபோனின் ஹோம் பட்டன் அப்படி இல்லை. தொழிற்சாலையிலேயே சென்சாருக்கும் போனின் பாதுகாப்புச் சில்லுக்கும் நடுவே ஒரு ரகசியச் சாவி பகிரப்பட்டுவிடும். ஆப்பிள் மொழியில் ஜோடி சேர்த்தல். அதன்பிறகு அந்தச் சென்சார் அந்தப் போர்டுக்கு மட்டுமே சொந்தம். அதே மாடல், அதே தொழிற்சாலை, பழுதே இல்லாத இன்னொரு பட்டனை வெளிக்கடையில் மாட்டினால் போர்டு ஏற்காது. காரணம் இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு போலிச் சென்சாரைச் செருகி, திருடிய ரேகைத் தகவலை உள்ளே அனுப்ப முடிந்துவிட்டால் பூட்டுக்கே அர்த்தம் இல்லை. ஹெர்ஷெல் கோனாயைச் சந்தேகப்பட்டார். சென்சார் நம்மைச் சந்தேகப்பட்டது. இங்கே சங்கிலி இன்னொரு கண்ணி நீண்டு, சந்தேகப்படுவதற்கென்றே செய்த சென்சாரையே போர்டு சந்தேகப்படத் தொடங்கியது.

அதன் உச்சம் 2016இல் தெரிந்தது. பால்கன் நாடுகளில் அகதிகள் நெருக்கடியைப் படமெடுக்கப் போயிருந்த ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் போன் அடிபட்டது. மாசிடோனியாவில் ஒரு கடையில் பட்டனையும் திரையையும் மாற்றிக்கொண்டார். போன் ஒழுங்காகவே வேலை செய்தது. பிறகு ஒரு நாள் மென்பொருளைப் புதுப்பித்தார். திரையில் 'பிழை 53' வந்தது, போன் செத்தது. உள்ளே இருந்த படங்களும் போயின. உலகம் முழுக்க இதே மாதிரி வெளிக்கடையில் பட்டன் மாற்றியவர்கள், அடிபட்டு ஸ்ட்ரிப் சேதமானவர்கள் பலருக்கும் இதே கதி. டச் ஐடி மட்டும் முடங்கியிருந்தால் யாரும் பெரிதாகக் கோபித்திருக்க மாட்டார்கள். ஒரு பொத்தானின் ஜாதகம் பொருந்தவில்லை என்று மொத்த போனையும் கல்லாக்கியதுதான் பிரச்சினை.

முதலில் இது வாடிக்கையாளர் பாதுகாப்புக்காகத்தான் என்றது ஆப்பிள். அந்த பிப்ரவரியிலேயே ஐஓஎஸ் 9.2.1இன் திருத்திய பதிப்பை வெளியிட்டு, செத்த போன்களை எழுப்பிக் கொடுத்தபோது வேறு விளக்கம் வந்தது. தொழிற்சாலையை விட்டுப் போகுமுன் டச் ஐடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது, வாடிக்கையாளரைப் பாதித்திருக்கக் கூடாது என்றார்கள். இரண்டு விளக்கமும் ஒரே வாயிலிருந்து ஒரே மாதத்தில். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. ஆஸ்திரேலியாக்காரர்கள் மூடிக்கொள்ளவில்லை. அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. வெளிக்கடையில் பழுது பார்த்ததால் உங்களுக்கு நிவாரணம் கிடையாது என்று குறைந்தது 275 வாடிக்கையாளர்களிடம் சொன்னதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2018 ஜூனில் நீதிமன்றம் விதித்த அபராதம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். வெளியே போய்ப் பழுது பார்த்தார்கள் என்பதால் மட்டும் நுகர்வோர் உரிமை அழிந்துவிடாது என்பது அந்த வழக்கில் நிலைத்தது.

போன் பிழைத்தது, ஜோடி விதி அப்படியே இருந்தது. ஐபோன் 7இல் இன்னும் மோசம். அதன் ஹோம் பட்டன் உண்மையில் அமுங்குவதே இல்லை, அமுங்கியது போல ஓர் அதிர்வு மட்டும். அதை வெளிக்கடையில் மாற்றினால் ரேகை மட்டுமல்ல, பட்டனாகவும் அது உதவாது. சந்தை சும்மா இருக்குமா? உள்ளே ப்ளூடூத் வைத்த மாற்றுப் பட்டன்கள் வந்தன. அழுத்தினால் முகப்புத் திரைக்குப் போகும், யார் அழுத்துகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கை தேர்ந்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். மூலப் பட்டனை எறியாமல், மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து அறுந்த செம்புக் கம்பிகளுக்கு ஒவ்வொன்றாக ஜம்பர் இழுத்து அதையே பிழைக்கவைத்தார்கள். சாதாரணப் பாகத்துக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். இதற்கு மாற்றுக் கிடையாது, அவ்வளவுதான்.

இதற்குள் சென்சார் வீடு மாறியிருந்தது. 2018இன் தொடக்கத்தில் சீனாவில் விவோ எக்ஸ்20 பிளஸ் யுடி, கண்ணாடித் திரைக்கு அடியில் அதைக் கொண்டுபோனது. இந்த வகையில் மின்தேக்கிக்கு வேலை இல்லை. திரையே விளக்காகி விரலுக்கு வெளிச்சம் அடிக்கும், ஓஎல்இடி புள்ளிகளின் இடுக்கு வழியாகத் திரும்பிவரும் ஒளியைக் கீழே இருக்கும் சென்சார் படம் பிடிக்கும். நம் ஊர்ச் சர்வீஸ் கடைகளில் டிஸ்ப்ளே மாற்றும்போது "ஒரிஜினல் போடவா, காப்பி போடவா? காப்பின்னா ஃபிங்கர் மட்டும் வராது சார்" என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். விலை குறைந்த காப்பி பெரும்பாலும் எல்சிடி வகை. அதன் முதுகில் பின்விளக்குத் தகடு அடைத்துக்கொண்டிருப்பதால் சென்சாருக்குக் கண் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். சென்சாரில் ஒரு குறையும் இல்லை. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர் தினமும் பின் நம்பர் தட்டி அதைக் கழிக்க வேண்டியதுதான். ஒரிஜினல் போட்டாலும் சில மாடல்களில் புதுத் திரைக்கு ஏற்பச் சென்சாரை மறுபடி அளவு திருத்த வேண்டும். கூகுள் தன் பிக்சல் போன்களுக்கு அதற்கான மென்பொருளை வெளியிலேயே கொடுக்கிறது. அதே கூகுள், 2021இல் பிக்சல் 6இன் சென்சார் தாமதமாகவும் பிடிவாதமாகவும் இருக்கிறதென்று புகார் கிளம்பியபோது, பாதுகாப்புக் கணக்கு கூடுதலாக இருப்பதால் சில நேரம் சரிபார்க்க அதிக நேரம் ஆகலாம் என்று சமாதானம் சொன்னது.

2019இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10இல் மீயொலி சென்சார் வந்தது. ஒலித் துடிப்பை அனுப்பி, விரலிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கொண்டு மேடு பள்ளம் காண்பது. அந்த அக்டோபரில் பிரிட்டனில் ஒரு பெண், இணையத்தில் வாங்கிய, திரையையும் மூடும் மலிவான சிலிக்கோன் உறையைப் போட்டபின் யார் விரல் வைத்தாலும் போன் திறப்பதைக் கவனித்தார். கணவர் விரலுக்கும் திறந்தது. உறையின் உட்பக்கத்து நெளிவுகளையே சென்சார் ரேகை என்று எடுத்துக்கொண்டிருந்தது. ஆளை விட்டுவிட்டு ஆள் போட்ட சட்டையை நினைவு வைத்துக்கொண்டதைப் போல. தென்கொரியாவில் ககாவோ வங்கி, சரியாகும்வரை ரேகை வழியாக உள்ளே வருவதை நிறுத்திவையுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. சாம்சங் அந்த மாதமே திருத்தம் அனுப்பியது. திரைக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டியபின் பழைய பதிவை அழித்துவிட்டு விரலைப் புதிதாகப் பதிவு செய்யச் சொல்வது கடைக்காரரின் வாய்ப்பேச்சு அல்ல.

ஜோடி விதி தளர்ந்தது 2024இல்தான். பழுது பார்க்கும் உரிமை கேட்டு அமெரிக்க மாநிலங்களில் சட்டங்கள் வரத் தொடங்கியிருந்த நேரம். அந்த ஏப்ரலில், பயன்படுத்திய மூலப் பாகங்களை இனி இன்னொரு ஐபோனில் மாட்டி அளவு திருத்திக்கொள்ளலாம், பயோமெட்ரிக் சென்சார்களும் அதில் அடக்கம் என்று ஆப்பிள் அறிவித்தது. தொடக்கம் ஐபோன் 15 வரிசையிலிருந்து. அந்த வரிசை போன்கள் எல்லாமே முகத்தைப் பார்த்துத் திறப்பவை, அவற்றில் ரேகை சென்சாரே கிடையாது. ஹோம் பட்டன் வைத்த கடைசி ஐபோனான 2022 எஸ்இ, 2025 பிப்ரவரியில் விற்பனையிலிருந்து போய்விட்டது. ஹோம் பட்டன் அறுந்த பழைய ஐபோனோடு வருபவருக்கு வெளிக்கடைச் சர்வீஸ் மேஜையில் இன்றைக்கும் இரண்டே வழி: ஜம்பர் இழுக்கத் தெரிந்தவரைத் தேடுவது, இல்லையென்றால் பின் நம்பரை மனப்பாடம் செய்வது.